ஈரம் கழிக்காத எடை

விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் இருபத்திரண்டு வருடம் எனக்கு எடை போடுகிற வேலை. நூல் ஒரு விசித்திரமான சரக்கு. மழைக்காலத்தில் அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும். அதே நூல், அதே நீளம்தான். தராசில் மட்டும் கூடுதலாக நிற்கும். அதனால் ஒவ்வொரு கட்டிலிருந்தும் கொஞ்சம் நூலை எடுத்து, அடுப்பில் உலர்த்தி மறுபடி நிறுத்துப் பார்த்து, ஈரம் எவ்வளவு என்று கண்டுபிடித்துக் கழித்த பிறகுதான் எடையை எழுதுவோம். ஈரத்தைக் கழிக்காமல் நான் ஒரு நாளும் எடை எழுதியதில்லை.

என் மனைவி ஞானசௌந்தரி 1996ஆம் வருடம் பெரிய வியாழன் அன்று இறந்தாள். அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் நான் அவளை ஐந்து முறை தராசில் ஏற்றி எடை பார்த்திருக்கிறேன். ஐந்து முறையும் ஈரத்தைக் கழிக்கவில்லை.

கோழிகளில் இருந்துதான் சொல்ல வேண்டும்.

தொண்ணூற்று நாலில் மில்லிலிருந்து விருப்ப ஓய்வில் வந்துவிட்டேன். மணிமுத்தாறு போகிற சாலையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் ஒரு சின்ன வீடும், வீட்டிலிருந்து நூறு அடி தள்ளி ஓர் ஓலைக் கொட்டகையும் போட்டோம். பிராய்லர் கோழி அப்போது எங்கள் பக்கத்துக்குப் புதுசு. நாற்பத்தைந்து நாளில் வளர்ந்துவிடும் என்றார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு முறை தரித்து இரண்டு முறையும் நிற்கவில்லை. வேலையையாவது ஒன்றாகச் செய்வோம் என்று சௌந்தரி சொன்னாள். தீனி வைப்பதும் தண்ணீர் வைப்பதும் அவள் பொறுப்பு. சனிக்கிழமை சனிக்கிழமை பத்துக் கோழியைப் பிடித்து எடை பார்ப்பது என் பொறுப்பு. வேறு எது எனக்குத் தெரியும்?

தொண்ணூற்றைந்து அக்டோபரில் இறக்கிய நானூறு குஞ்சுகளை மறக்க முடியாது. இரவும் பகலும் தின்றன. கண் முன்னால் வளர்ந்தன. அவற்றில் ஒன்று எல்லாவற்றையும் முந்திக்கொண்டு பெருத்தது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நிதானமாக நடக்கும். எங்கள் கோயில் பாதிரியாரை நினைத்துச் சௌந்தரி அதற்குப் பங்குச்சாமி என்று பேர் வைத்தாள்.

"சாமி காதுல விழுந்தா பூசையில உனக்கு நன்மை குடுக்க மாட்டாரு," என்றேன்.

"அவரு எங்க இந்தக் கோழி மேல கோவப்படப் போறாரு? ரெண்டு பேரும் நடந்து வாரதப் பாருங்க, அண்ணன் தம்பி மாதிரி இருக்கு," என்றாள். சிரித்து முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு என்று கல்யாணத்தின்போது சொல்லியிருந்தார்கள்.

ஐந்தாம் வாரம் பங்குச்சாமி ஆயிரத்து அறுநூறு கிராம். மற்றவை சராசரி ஆயிரத்து நூற்றைம்பது. கறிக்கடை பிச்சைக்கண்ணு வந்திருந்தபோது அதைத் தூக்கிக் காட்டிப் பெருமையடித்தேன். மறுநாள் காலை அது மல்லாந்து கிடந்தது. மத்தியானத்துக்குள் இன்னும் ஆறு. அதற்குப் பிறகு ஒன்பது. செத்ததெல்லாம் பெரியவை. நோஞ்சான்கள் ஒன்றுகூடச் சாகவில்லை. தொற்றுநோய் என்றால் நோஞ்சானைத்தானே முதலில் அடிக்கும்? எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து கால்நடை டாக்டர் பட்டாபி மழைக்கோட்டோடு ஸ்கூட்டரில் வந்தார். துணி துவைக்கிற கல்லில் பங்குச்சாமியைக் கிடத்தி வயிற்றைக் கீறினார். குபுக்கென்று மஞ்சளாகத் தண்ணீர் கொட்டிக் கல்லில் வழிந்து அவருடைய செருப்பு வரைக்கும் வந்தது. சௌந்தரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இத்தனையும் தண்ணி," என்றார் டாக்டர். "எடை என்ன சொன்னேள்? ஆயிரத்து அறுநூறா? அதுல கால் கிலோ இதுதான். எடைய நம்பிண்டு இருந்திருக்கேள்."

"மழைக்கால நூல் மாதிரி," என்றேன். சொன்னது நான்தான். அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது.

அவர் நெஞ்சைத் திறந்து இருதயத்தை வெளியே எடுத்தார். தளர்ந்துபோய், பஞ்சடைக்காத தலையணை உறை மாதிரி இருந்தது. "பாருங்கோ. இருக்க வேண்டியதுக்கு ஒன்றரை மடங்கு. இந்த ஜாதியே வளர்றதுக்குன்னு பண்ணினது. உடம்பு முன்னாடி ஓடறது, இருதயம் பின்னாலேயே ஓடி ஓடிப் பெருத்துப் போறது. ஒரு நாள் முடியலேன்னு நின்னுடறது. அதுக்கு முன்னாடி தண்ணி கோத்துக்கறது."

"அத நான் ஒருக்கா பாக்கலாமா சார்?" என்றாள் சௌந்தரி.

டாக்டர் அவள் உள்ளங்கையில் வைத்தார். கோழியை அறுக்கும்போது அந்தப் பக்கமே வராதவள் அவள். அதை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தீனியக் கொறச்சா இது வராதா சார்?"

"அதத்தான் சொல்ல வந்தேன். அடுத்த தடவை ரெண்டாவது வாரத்துல ஒரு நாள் விட்டு ஒரு நாள் தீனி வைங்கோ. தண்ணி மட்டும் எப்பவும் இருக்கணும். உடம்போட ஓட்டம் அடங்கும், இருதயம் கூட வந்து சேர்ந்துக்கும். அப்புறம் முழுத் தீனி."

"எளச்சுப் போவாதா?"

"இளைக்கும். அப்புறம் விட்டதையெல்லாம் பிடிச்சுடும். நீங்களே பாப்பேள்."

சௌந்தரி இருதயத்தைக் கல்லில் வைத்துவிட்டு, டாக்டர் கைகழுவ வெந்நீரும் சோப்பும் எடுத்து வர வீட்டுக்குப் போனாள். அவள் போன பிறகு டாக்டர் இன்னும் ஒன்று சொன்னார். "ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்கோ. இது நல்லா இருக்கற குஞ்சுக்குப் பண்றது. தண்ணி கோத்துண்டதப் பட்டினி போட்டுப் பிரயோஜனம் இல்லே. அது இன்னும் சீக்கிரம் போயிடும்."

சரி என்றேன். சௌந்தரியிடம் இதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. தண்ணீர் கோத்த கோழிகளை அன்றைக்கே புதைத்தாகிவிட்டது. அடுத்து வருவது புதுக் குஞ்சுகள். அவற்றுக்கு எது வேண்டுமோ அது அவளுக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

டிசம்பர் பதினெட்டாம் தேதி அடுத்த நானூறு வந்தன. டாக்டர் சொன்னதைச் சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று கொட்டகையைச் சாக்குப்படுதாவால் இரண்டாகத் தடுத்தேன். இந்தப் பக்கம் இருநூறுக்கு முழுத் தீனி. அந்தப் பக்கம் இருநூறுக்கு இரண்டாவது வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். கொட்டகைத் தூணில் சௌந்தரி பென்சிலால் தேதி எழுதிவைத்தாள். தீனி வைத்த நாளுக்கு ஒரு சரிக்குறி, வைக்காத நாளுக்கு ஒரு சுழி.

சுழி நாட்கள் கொடுமையாக இருந்தன. காலையில் கத்தும். காலித் தட்டைக் கொத்தும். தகரத்தில் மழை விழுகிற மாதிரி வீடு வரைக்கும் கேட்கும். பிற்பகலில் கத்துவதை நிறுத்திவிடும். சௌந்தரி உள்ளே போனால் இருநூறும் தலையைத் தூக்கி அவள் கையையே பார்க்கும். நான் ஒரு பிடி அள்ளிப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"சும்மா இருங்க. இதுவ நல்லதுக்குத்தான்."

பிச்சைக்கண்ணு கேள்விப்பட்டுச் சிரிப்பதற்கென்றே சைக்கிளில் வந்தான்.

"என்ன அண்ணாச்சி, கோழிக்கெல்லாம் ஞானஸ்நானம் ஆயிட்டோ? ஒருசந்தி இருக்குதுவளாம்லா!"

"ஆமா," என்றாள் சௌந்தரி. "உம்ம கத்திக்கு வாரதுக்கு முன்ன பாவசங்கீர்த்தனமும் பண்ணவச்சு அனுப்புதேன். நீரு ஒரு நாளாவது பண்ணிருப்பீரா வே?"

"நான் முருகனுக்கு மொட்ட போடுதவன். எனக்கு எதுக்கு மதினி?"

பதினாலாம் நாள் எடை பார்த்தேன். முழுத் தீனிக் குஞ்சு முந்நூற்று முப்பது. பட்டினிக் குஞ்சு இருநூற்று முப்பது. பக்கத்தில் வைத்தால் அண்ணனும் தம்பியும் மாதிரி இருந்தன. போச்சு என்று நினைத்தேன். அதன் பிறகு நடந்ததை இன்றைக்கும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. முழுத் தீனி கிடைத்ததும் அந்தச் சிறுசுகள் வெறிபிடித்த மாதிரி வளர்ந்தன. ஒவ்வொரு சனிக்கிழமையும் இடைவெளி சுருங்கியது. நாற்பத்தைந்தாம் நாள் இந்தப் பக்கம் ஆயிரத்து அறுநூற்று நாற்பது, அந்தப் பக்கம் ஆயிரத்து அறுநூற்றுப் பத்து. முப்பது கிராம்தான் வித்தியாசம். இந்தப் பக்கம் செத்தது பதினேழு. அந்தப் பக்கம் இரண்டு.

தராசை இரண்டு முறை சரிபார்த்தேன். பிறகு சௌந்தரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ரெண்டுதான் செத்துச்சா?" என்றாள். எடையைப் பற்றி அவள் கேட்கவில்லை. "பெருத்த இருதயம் சுருங்கிட்டு, என்ன?"

"ஆமா," என்றேன். சுருங்கவில்லை, பெருக்கவே இல்லை என்றல்லவா நான் சொல்லியிருக்க வேண்டும்? ஆமா என்றேன்.

பிப்ரவரியில் அவள் சில நாட்கள் சாப்பிடாமல் இருப்பதைக் கவனித்தேன். எனக்குப் பரிமாறிவிட்டுத் தண்ணீர்ச் செம்போடு உட்கார்ந்திருப்பாள். பசிக்கவில்லை என்பாள். மறுநாள் நன்றாகச் சாப்பிடுவாள். அதனால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்தோராம் தேதி சாம்பல் புதன் வந்துவிட்டது; பாஸ்கு என்று நாங்கள் சொல்கிற ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலம் அன்றைக்குத்தான் தொடங்கும். நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வரும்போது, "இந்தத் தபசுகாலம் முழுக்க நான் ஒருசந்தி இருக்கப் போறேன்," என்றாள். எங்கள் ஆட்கள் வீட்டில் இப்படி உபவாசம் இருப்பதற்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். கேட்பது மரியாதையில்லை. யாருக்காக, என்ன வேண்டுதல் என்பது அவளுக்கும் கடவுளுக்கும் உள்ளது. நான் வெள்ளிக்கிழமை மட்டும் கறி மீன் விடுகிறவன். அவளைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஆனாலும் பயம் இருந்தது. வளையல் முழங்கை வரைக்கும் ஏறிப்போயிற்று. கழுத்தெலும்பு தெரிந்தது. தீனி மூட்டை நிறுக்கிற பெரிய தராசில் அவளை ஏறச் சொன்னேன். ஐம்பத்து மூன்று கிலோ. இரண்டு வாரம் கழித்து ஐம்பத்து நாலரை. அதற்கு அடுத்த முறை ஐம்பத்தாறு.

"ஏட்டி, ஒருசந்தி இருந்துகிட்டு எடை கூடுது உனக்கு. யாரு வீட்டுல போயித் திங்குத?"

"பிச்சைக்கண்ணு பொண்டாட்டி வீட்டுல," என்றாள். "அவ வைக்கிற கொழம்புக்கு யாரு ஏங்குவா? பாவத்துக்குப் பரிகாரமாத் திங்கேன்."

நான் சிரித்தேன். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை எப்படிச் சொல்வது? வளையலைப் பார்த்தேன், கழுத்தெலும்பைப் பார்த்தேன், பிறகு தராசு முள்ளைப் பார்த்தேன். முள்ளைத்தான் நம்பினேன். மத்தியானம் படுக்காமல் சுவரில் சாய்ந்தபடியே தூங்க ஆரம்பித்திருந்தாள். படுத்தால் இழுப்பு வருகிறது என்றாள். செருப்பு வார் காலில் பதிந்து குழியாகக் கிடந்தது. கொட்டகையில் நின்று நின்று கால் வீங்கிவிட்டது என்றாள். டாக்டரிடம் போவோமா என்று இரண்டு முறை கேட்டேன். "பாஸ்கு முடியட்டும்" என்றாள். மார்ச் இருபத்து மூன்றாம் தேதி, ஐந்தாவது முறையாக ஏறினாள். ஐம்பத்தெட்டு.

"பாஸ்குக்குப் பெறவு எல்லாம் சரியாயிரும்," என்றாள். "நீங்க வேணாப் பாருங்க. நான் எப்படி ஏறுதேம்னு."

குருத்தோலை ஞாயிறு அன்று பவனியில் குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலமாக இருந்தது. வாடகைக் கார் பிடித்துப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனேன். சேரன்மகாதேவி தாண்டும்போது ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். இரண்டு பக்கமும் வயல். "காத்து எல்லாம் அங்கன இருக்கு, எனக்குள்ள வரமாட்டேங்குது," என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் அவள் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. வயிற்றை ஒரு பக்கம் தட்டி மறுபக்கம் கை வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம், "எத்தனை மாசமா இப்படி?" என்றார்.

"எளச்சாப்புல தெரியுது, ஆனா எளைக்கல டாக்டர். நான் எடை பார்த்துட்டுதான் இருக்கேன். அம்பத்தெட்டு இருக்கா," என்றேன். வேகமாகச் சொன்னேன். ஏதோ நல்ல மார்க் வாங்கின மாதிரி.

அவர் குழி விழுந்த காலை மறுபடி தொட்டுக் காட்டினார். "அதுல பத்து கிலோவுக்கு மேல தண்ணி. ஆள் நாப்பத்தஞ்சுகூட இருக்க மாட்டாங்க. இருதயம் முழுக்க வீங்கிப்போய்க் கிடக்கு. வாரக்கணக்கா ஒழுங்கா சாப்பிடவும் இல்ல. நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

துணி துவைக்கிற கல் ஞாபகம் வந்தது. மஞ்சள் தண்ணீர் வழிந்தது ஞாபகம் வந்தது. மழைக்கால நூல் மாதிரி என்று நான் சொன்னது ஞாபகம் வந்தது. அந்த வராந்தாவில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

ஊசி போட்டுத் தண்ணீர் இறக்கினார்கள். செவ்வாய், புதன் கொஞ்சம் பேசினாள். கோழிக்குத் தண்ணீர் வைக்க ஆள் இருக்கிறதா என்று கேட்டாள். வியாழன் விடியக்காலம் போய்விட்டாள்.

பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் கோயிலில் பூசை கிடையாது. மணியும் அடிக்க மாட்டார்கள். மணிக்குப் பதிலாக மரத்தட்டையைத் தட்டுவார்கள். பூசை இல்லாமல், மணி இல்லாமல், டக் டக் என்று அந்தச் சத்தத்தோடு அவளைக் கொண்டுபோனோம். தகரத்தட்டைக் குஞ்சுகள் கொத்துகிற சத்தம் எனக்கு அதில் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

அடக்கம் முடிந்து வந்த பிறகு உவரியிலிருந்து வந்திருந்த அவள் அக்கா அஞ்சலின் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"தம்பி, என்னய மன்னிச்சிரும். அவளுக்கு இழுப்பெல்லாம் ஒண்ணும் கெடையாது. பதினோரு வயசுல முட்டுக்கு முட்டு வீங்கிக் காய்ச்சல்ல கெடந்தா. இருதயம் பெருத்துருக்குன்னு டாக்டர் சொன்னாரு. மாப்ள வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு எங்கம்மா அவகிட்ட சத்தியம் வாங்கிட்டா. நானும் வாயத் தொறக்கல."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாம? அவளுக்கு மட்டுந்தான் நல்லாத் தெரியும்."

இருபத்து மூன்று வருடம் என்னோடு வாழ்ந்தவள். இருதயம் பெருத்திருக்கிறது என்று பதினோரு வயதில் கேட்ட வார்த்தையை, நாற்பத்து மூன்று வயதில் ஒரு கோழியின் உடம்பில் கண்ணால் பார்த்தாள். அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்று நூலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை அஞ்சலின் கஞ்சி வைக்க அரிசி கேட்டாள். அடுக்களை அலமாரியைத் திறந்தேன். கதவின் உள்பக்கம் பென்சிலால் தேதிகள் எழுதியிருந்தன. சௌந்தரியின் கையெழுத்து. ஒரு தேதிக்குச் சரிக்குறி. அடுத்த தேதிக்குச் சுழி. மறுபடி சரிக்குறி. மறுபடி சுழி. கொட்டகைத் தூணில் இருந்த அதே பட்டியல். முதலில் கோழிக் கணக்கை இங்கேயும் எழுதியிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு தேதிகளைப் பார்த்தேன். பிப்ரவரி மூன்றாம் தேதி தொடங்கியிருந்தது. அன்றைக்குக் கொட்டகை காலி. அதற்கு முந்தின நாள்தான் பிச்சைக்கண்ணு எல்லாக் கோழியையும் ஏற்றிப் போயிருந்தான். சாம்பல் புதனுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

அது ஒருசந்தி இல்லை. அவள் தனக்குத்தானே ஒரு நாள் விட்டு ஒரு நாள் தீனி வைத்திருக்கிறாள்.

தபசுகாலம் அதற்கு ஒரு மறைப்புத்தான். அந்த மறைப்புக்குள் நான் எட்டிப் பார்க்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். சில தேதிகளுக்கு எதிரே நான் சொன்ன எடைகள்: 53, 54½, 56 என்று தொடங்கி 58 வரை. நான் ஒவ்வொரு முறை சொன்னதும் இங்கே வந்து எழுதியிருக்கிறாள். எடை கூடக்கூட அவளும் நம்பியிருக்கிறாள். விட்டதைப் பிடிக்கிறது என்று. பட்டியலின் கடைசியில் ஒரு கோடு கிழித்து, அதற்குக் கீழே எழுதியிருந்தாள்: ஏப்ரல் 7, பாஸ்கு. முழுத் தீனி.

டாக்டர் சொன்னதில் பாதியை வைத்துக்கொண்டு அவள் இதைச் செய்தாள். மீதிப் பாதி என்னிடம் இருந்தது. ஐந்து மாதம் என்னிடமே இருந்தது.

அஞ்சலின் அரிசிக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். நான் அளந்து கொடுத்தேன்.

பாஸ்குக்கு மறுநாள் பிச்சைக்கண்ணு கூடைகளோடு வந்தான். கொட்டகையில் பிப்ரவரியில் இறக்கிய அடுத்த நானூறும் விற்கிற பருவத்தில் நின்றன. இந்தத் தடவை தடுப்பு இல்லாமல் எல்லாவற்றுக்கும் சௌந்தரி அதே முறையில்தான் தீனி வைத்திருந்தாள். நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பிச்சைக்கண்ணுவின் மனைவி வந்து பார்த்துக்கொண்டாள். அவன் உள்ளே போய் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணுகூடச் சாவலியே!" என்று சந்தோஷமாக ஆரம்பித்தவன், என் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு தரையைப் பார்த்தபடி ஐந்து கோழியைக் காலைக் கட்டித் தராசுக் கொக்கியில் மாட்டினான். வழக்கமாக நான்தான் முள்ளைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வேன். என் கண்ணில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

கோழிகள் தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்தன. முள் ஆடியது. அவன் காத்திருந்தான்.

"எவ்வளவு அண்ணாச்சி?"

நான் கொட்டகையை விட்டு வெளியே வந்தேன்.

"நீயே பாத்துச் சொல்லுடே," என்றேன்.